எங்கே அடைகிறாய்

பரிஸ், மார்க்ஸ் டோர்மோய்
7 மே 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். தவக்காலமும் பாஸ்காவும் முடிந்துவிட்டன, மடத்தில் மறுபடியும் கடிதங்களைக் கையில் தருவார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி? என் அக்கா போனில் பேசமாட்டார், மாதம் ஒரு கடிதம்தான் எழுத விடுவார்கள் என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

இங்கே என்னை வைத்திருக்கிற அம்புறோஸ் அண்ணைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. பெண். ஷிரோமி அண்ணியின் தாயார் ஊரிலிருந்து உதவிக்கு வந்திருக்கிறார். இரண்டு அறை வீடு. நான் குசினியில். குளிர்சாதனப் பெட்டி இரவெல்லாம் முனகுகிறது. பழகிவிட்டது.

ஒரு செய்தி. எனக்குக் கோழிகள் கிடைத்திருக்கின்றன. சொந்தமில்லை. ரயில் பாதையோரம் ஒரு பொதுத் தோட்டம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து தக்காளி, கீரை போடுகிறார்கள். மூலையில் ஒரு பலகைக் கொட்டில். கொட்டில் சுவரோடு ஒட்டிக் கோழிக்கூடு. ஐந்து கோழிகள். ஆளுக்கொரு நாள் பார்க்கவேண்டும். படலையில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘செவ்வாய்: ரொஷான்.’ இந்த நகரத்தில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிற ஒரே இடம்.

என்னைச் சேர்த்துவிட்டவர் ஜிஸ்லேன் மதாம். பாண்டிச்சேரிக்காரர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன கிழமை நான் படலையைத் திறக்கவும் அந்த முனையிலிருந்து கத்தினார்: “ரொஷான், சீக்கிரம் வாப்பா! கூட்டுல செல்லு விழுந்துடுச்சி!”

நான் தக்காளிப் பாத்திக்குள் குந்திவிட்டேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு. பங்கருக்குள் நீங்கள் அமுக்கிப் பிடிப்பீர்களே, அப்படி.

“என்னாப்பா, சாவி விழுந்துடுச்சா?” என்றார்.

“ஓம். சாவிதான்.”

அவர்கள் ஊரில் கோழியைப் பிடிக்கிற பூச்சிக்குச் செல்லு என்று பெயராம். நாங்கள் கோழிப்பேன் என்போமே, அது. எங்களுக்குச் செல் என்றால் வானத்திலிருந்து விழுகிற குண்டு ஒன்றுதானே. கோழிகளின் கொண்டைப் பூ வெளிறிக் கிடக்கிறது. முட்டை குறைந்துவிட்டது. மடத்துக் கோழிகளை நீங்கள்தானே பார்க்கிறீர்கள். என்ன செய்ய?

இதை உங்களுக்கு முன் வாசிக்கப்போகும் மதருக்கும் என் வணக்கம்.

தம்பி,
ரொஷான்


மன்னார்
2 ஜூன் 2024

என் அன்புத் தம்பிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். நான் நலம். முழங்கால் செபத்துக்கு மடங்கும், வேலைக்கு மடங்காது என்று மதர் பகிடி பண்ணுகிறார். 

செல்லு விழுந்த இடத்தில் உன் கடிதத்தை நிறுத்திவிட்டேன். அந்த வரிக்குப் பக்கத்தில் மதர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவர் கோவாக்காரர், தமிழைப் படித்துப் பிடித்தவர். விளக்கம் சொன்னேன். இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

இனிக் கோழி. பேன் இரண்டு சாதி. ஒன்று கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும். மற்றது அப்படியல்ல. பகல் முழுக்கப் பலகை வெடிப்புக்குள் கிடக்கும். கோழி அடைந்த பிறகு இறங்கி வந்து இரத்தம் குடித்துவிட்டு, விடிய முன் திரும்பிப் போய்விடும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னேரம் கோழி ஏறுகிற தடிக்குக் கீழே ஒரு வெள்ளைச் சீலையை விரி. காலையில் பார். சிவப்புப் புள்ளிகள் இருந்தால் இரண்டாவது சாதி. அதற்குக் கோழியைக் கழுவிப் பிரயோசனமில்லை.

இரண்டு அறையில் ஆறு பேர் என்று எண்ணிப் பார்த்தேன். சரியா? குசினி நிலத்தில் என்ன விரித்துப் படுக்கிறாய்?

செபத்தோடு,
பேர்ளி அக்கா


பரிஸ்
25 ஜூன் 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்களுக்கும் சுகம் என்று நம்புகிறேன்.

அம்புறோஸ் அண்ணையின் கட்டடத்தில் தபால் பெட்டி உடைந்துவிட்டது. இனிமேல் லா சப்பலில் தில்லையம்பலம் அண்ணையின் கடை முகவரிக்குப் போடுங்கள். உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மரக்கறி, மீன் கருவாடு, போன் காட், தபால், எல்லாம் அங்கே. “மடத்திலையிருந்து கடிதம் வருமெண்டு சொல்லுறாய். கன்னியாஸ்திரியின்ரை காதல் கடிதமோடா?” என்று கேட்டார். அக்கா என்றேன். “எல்லாரும் முதலிலை அப்பிடித்தான் சொல்லுறது” என்று கறிவேப்பிலையை நிறுத்தார்.

வேலை செய்கிற உணவகத்திலிருந்து ஒரு வெள்ளைத் துவாலை கொண்டுபோய் விரித்தேன். விடிகிற நேரம், கோழிகள் இறங்க முன் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகள். சில நகர்ந்தன. விரலால் அழுத்தினேன். கோழியின் இரத்தம். ஒரு துளிகூட இல்லை, துளியின் ஞாபகம்.

தோட்டத்தில் மற்றவர்கள் இன்னும் கோழிகளுக்கே வெள்ளைத் தூள் பூசுகிறார்கள். நோய் உடம்பில் இருக்கிறது என்று நம்புவது சுலபம். உடம்பு கண்ணுக்குத் தெரிகிறது.

மணிக்கட்டில் அரிக்கிறது. கோப்பை கழுவுகிற சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

குசினி நிலம் குளிர்ச்சியானது. கோடைக்கு நல்லது.

தம்பி,
ரொஷான்


மன்னார்
18 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. இங்கே சோளகம் வீசுகிறது. கிணறு அடியில் நிற்கிறது. மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். மதிலுக்கு உள்ளே நின்று சத்தத்தை மட்டும் கேட்போம்.

அது மரத்தில் இருக்கிற சாதிதான். கவனமாக வாசி. கூட்டைக் காலியாக்கு. தடிகளைக் கழற்றி வெளியே போடு. வெடிப்புகளுக்குள் கொதிதண்ணீர் ஊற்று. தடி பொருந்துகிற முனைகளில்தான் கூட்டமாக இருக்கும். அங்கே நாங்கள் மண்ணெண்ணெய் தேய்ப்போம். உன்னிடத்தில் என்ன கிடைக்குமோ அது. காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடி. ஏழெட்டு நாள் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய். முட்டைக்குள் இருப்பவை அப்போதுதான் வெளியே வரும். முதல் தடவை தப்பியவை இரண்டாம் தடவைக்குக் காத்திருக்கும்.

முக்கியமானது: கூடு மட்டுமல்ல, அது ஒட்டியிருக்கிற கொட்டிலும். ஒரே பலகைச் சுவர் என்றாய். கூட்டைச் சுத்தம் செய்து கொட்டிலை விட்டால் ஒரு கிழமையில் திரும்பி வரும்.

கை அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசு. மற்ற ஆட்களுக்கும் அரிக்கிறதா?

உன் கோழிகள் எப்படி என்று மதர் விசாரிக்கிறார். அவருடைய செபத்தில் பிரான்ஸ் தேசத்துக் கோழிகளும் சேர்ந்துவிட்டன.

பேர்ளி அக்கா


பரிஸ்
13 ஓகஸ்ட் 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெப்பம். நகரத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். என் செவ்வாயோடு புதனும் வியாழனும் சேர்ந்துவிட்டன.

கூட்டுக்கு நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். மண்ணெண்ணெய்க்குப் பதில் கறுப்புச் சவர்க்காரம். தடி முனையைக் கழற்றியபோது சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து. மூச்சு விடுவதுபோல் அசைந்தது. கொதிதண்ணீர் ஊற்றினேன். சுண்ணாம்பு அடித்தேன். ஒரு கிழமை முட்டை வந்தது.

பிறகு நின்றது.

கொட்டிலைத் தொடவில்லை. அதற்குள் பழைய சாமான்கள். வெளியே எடுப்பது கடினம்.

கபிலக் கோழி செத்துவிட்டது. காலையில் தடிக்குக் கீழே, ஒரு பக்கம் சரிந்து. தூக்கினேன். பாரமே இல்லை. பூ வெள்ளையாக இருந்தது. ஜிஸ்லேன் மதாம் ரோசாச் செடிக்குக் கீழே புதைக்கச் சொன்னார். புதைத்தோம். “பாவம், உள்ளயே இருந்து குடிச்சிடுச்சிங்க” என்றார்.

அவர் தன் தெர்மோசைக் கொட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போகிறார். ஒவ்வொரு தடவையும் மறக்கிறார். ஒவ்வொரு தடவையும் கோப்பி நிரம்பியிருக்கிறது.

இப்போது கழுத்திலும் இடுப்பிலும் அரிக்கிறது. காலையில் அதிகம். மற்றவர்களுக்கு இல்லை.

தம்பி,
ரொஷான்


மன்னார்
4 செப்டெம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமில்லை.

அந்தச் சாதிப் பேன் பகலில் கடிக்காது. மனிதரைக் கடிப்பதே அபூர்வம். இரவில், பக்கத்தில், அசையாமல் கிடக்கிறவரைத்தான் கடிக்கும். செவ்வாய்ப் பகலில் போய்த் தீன் போட்டுவிட்டு வருகிறவனைக் கடிக்காது. விடிகிற நேரம், கோழிகள் இறங்க முன் துவாலையைப் பார்த்தேன் என்று ஜூனில் எழுதினாய். அப்போதே யோசித்திருக்கவேண்டும். உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா நாங்கள் பிந்தி வீட்டுக்கு வந்தால் கேட்பதை மட்டும் கேட்கிறேன்.

இரவில் எங்கே அடைகிறாய்?

பேர்ளி அக்கா


பரிஸ்
24 செப்டெம்பர் 2024, செவ்வாய்

அக்கா,

கொட்டிலில்.

ஜூன் மாதத்திலிருந்து. ஒருவரும் துரத்தவில்லை. ஒரு நாள் குசினியில் தண்ணீர் குடிக்க வந்தபோது அண்ணியின் தாயார் மெல்லக் கேட்டார்: “தம்பிக்கு வேறை இடம் ஒண்டும் இல்லையோ?” கேள்விதான். குரலில் ஒரு பிழையும் இல்லை. பொபினியில் சிநேகிதன் ஒருவன் அறை எடுத்திருக்கிறான் என்று அம்புறோஸ் அண்ணைக்குச் சொன்னேன். அவர் என் பையைப் படிவரை தூக்கி வந்தார். “அடிக்கடி வாடா” என்றார். தபால் பெட்டி உடையவில்லை. அங்கே போய் உங்கள் கடிதத்தைக் கேட்க என்னால் முடியவில்லை.

பகலில் உணவகம். இரவில் தீன் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு மெத்தை, ஒரு போர்வை, ஒரு தலையணை. கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி, வெளியே ஒரு கொண்டி. பலகைக்கு அந்தப் பக்கம் கோழிகள் இடம் மாறிப் படுக்கிற சத்தம். மெய்யியல் படிக்கும்போது தனிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. அதில் சத்தங்களே இல்லை என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

போன ஞாயிறு தோட்டத்தில் கூட்டம். மத்தியூ என்கிற இளைஞன் சொன்னான்: குளிருக்கு முன் பூச்சி போகாவிட்டால் கோழிகளை அகற்றிவிடலாம். நோய்ப்பட்ட கோழிகளை யார் வாங்குவார்கள்? அகற்றுவது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இன்னொரு வழி, எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து கொட்டிலைக் காலியாக்கிக் கழுவுவது. அடுத்த கூட்டத்தில் முடிவு.

கொட்டிலைக் காலியாக்கினால் கோழிகள் பிழைக்கும். என் மெத்தை எல்லார் முன்னாலும் வெளியே வரும். காலியாக்காவிட்டால் எனக்கு இடம் இருக்கும். கோழிகள் இருக்காது.

என்ன செய்ய என்று எழுதுங்கள்.

ரொஷான்


பரிஸ்
22 ஒக்டோபர் 2024, செவ்வாய்

அக்கா,

சுகமா? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கடையில் போய்ப் போய்க் கேட்டுவிட்டேன். தில்லையம்பலம் அண்ணை பகிடியை நிறுத்திவிட்டார். நான் வாசலில் தெரிந்தவுடனேயே தலையை ஆட்டுகிறார். நேற்று ஒரு வாழைப்பழம் தந்தார்.

நான் எழுதியதை மதர் வாசித்திருப்பார். அதனாலா? நீங்கள் கோபமா?

மாலையானதும் கோழிகள் கூட்டு வாசலில் நிற்கின்றன. உள்ளே போக மனமில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அவற்றுக்குத் தெரியும். இருட்டினால் வேறு போக்கிடம் இல்லை. நானும் பக்கத்தில் நிற்கிறேன். கடைசியில் எல்லாரும் போகிறோம்.

கூட்டம் நடந்தது. யார் யார் கொட்டிலைக் கழுவ வருவீர்கள் என்று கேட்டார்கள். முதலில் கை தூக்கியது நான்.

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை.

ரொஷான்


மன்னார்
12 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கோபமில்லை.

எங்களுக்கு மாதம் ஒரு கடிதம், ஒருவருக்கு. உனக்குத் தெரியும். ஒக்டோபர் மாதத்துக்குரிய கடிதத்தை நான் வேறொருவருக்கு எழுதிவிட்டேன். உனக்கு எழுதினால் ஆறுதல்தான் எழுத முடியும். ஆறுதலைப் படித்துவிட்டு நீ மறுபடி கொட்டிலுக்குள்தான் போவாய். மார்க்ஸ் டோர்மோய் முகவரி என்னிடம் இருந்தது. பெட்டி உடைந்துவிட்டது என்றாய், பிறகு உடையவில்லை என்றாய். எதற்கும் ஒரு கடிதம் போட்டுப் பார்த்தேன்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். நீ மாட்டேன் என்பாய் என்று தெரிந்தே செய்தேன். அந்த ஒரு மாதம் நீ கடை வாசலில் நிற்பாய் என்றும் தெரியும். ஒவ்வொரு செவ்வாயும் அதை நினைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நீயே கை தூக்கிவிட்டாய்.

ஆத்துமாக்கள் திருநாளில் அம்மாவின் கல்லறைக்கு எனக்காக ஒருவர் மெழுகுதிரி கொண்டுபோனார். உன் பெயரிலும் ஒன்று.

டிசம்பர் முதலாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. நத்தார் வரை எழுதவும் முடியாது, வருகிற கடிதங்களை வாங்கவும் முடியாது. நீ எழுது. மதரின் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கும்.

பேர்ளி அக்கா


பரிஸ், மார்க்ஸ் டோர்மோய்
3 டிசம்பர் 2024, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இதை நீங்கள் நத்தாருக்குத்தான் வாசிப்பீர்கள். ஆகவே அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். கையுறை, வாளி, ஆவி அடிக்கிற இயந்திரம். தீன் சாக்குகளை மத்தியூதான் இழுத்தான். பிறகு நின்றுவிட்டான். “யாரோ இங்கே படுக்கிறார்கள்” என்று பிரெஞ்சில் சொன்னான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மெத்தையில் என் உடம்பின் பள்ளம். நான் வாய் திறந்தேன்.

“அது என்னுடையது” என்றார் ஜிஸ்லேன் மதாம், பிரெஞ்சில், சத்தமாக. “எனக்கு இடுப்பு வலி. மத்தியானம் கொஞ்சம் சாய்வேன். வயதானவளுக்கு அதுகூடக் கூடாதா?” பிறகு என் பக்கத்தில் வந்து தமிழில், தணிந்த குரலில்: “தலைகாணிய நீயே தூக்கிப் பையில போட்டுடுப்பா. அதுலதான் செல்லு நெறய இருக்கும்.”

இந்தத் தடவை செல்லு என்றதும் குந்தவில்லை. தூக்கிப் போட்டேன்.

வெடிப்பு வெடிப்பாக ஆவி அடித்தோம். பலகையிலிருந்து சிவப்பாக வழிந்தது. பின்னேரம் கொட்டில் முழுக்க வெள்ளை. ஆள் இருந்த அடையாளம் இல்லை. மதாம் போகும்போது தெர்மோசை என் கையில் தந்தார். மறக்கவில்லை.

கொட்டில் இல்லாத அடுத்த ஒரு கிழமை பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதினாறாம் தேதி இரண்டாம் தடவை கழுவினோம். நீங்கள் சொன்னபடி, முட்டைக்குள் இருந்தவற்றுக்காக. மறுநாள் ஞாயிறு, மழை. படலைக்கு வெளியே அம்புறோஸ் அண்ணை நின்றார். குடை இல்லை. ஜக்கெட்டுக்குள்ளிருந்து உங்கள் உறை எட்டிப் பார்த்தது.

“இதுவோடா பொபினி?”

படலையைத் திறந்தேன்.

“உன்ரை கொக்கா இவ்வளவு வரியத்திலை எனக்கொரு நத்தார் மட்டை போட்டதில்லை. போட்ட முதல் கடிதம் கோழிப்பேனைப் பற்றி. தம்பியைப் பேன் கடிக்குதாம், போய்ப் பார் எண்டு. நான் பொபினி முழுக்க விசாரிச்சிட்டு, ரயில் பாதைத் தோட்டமெல்லாம் தேடிக்கொண்டு வாறன். நட.”

“அண்ணை, அண்ணியின்ரை அம்மா...”

“அவ ஊருக்குப் போய் ரெண்டு மாசமாகுது. அந்தக் கட்டில் சும்மா கிடக்கு. நீதான் பெரிய மனிசன், ஒரு போன் எடுத்துக் கேக்கமாட்டாய்.”

அக்கா, இரண்டு மாதம். நான் அந்த வரியில் நிற்கிறேன். நீங்கள் ‘எங்கே அடைகிறாய்’ என்று எழுதியது என் கைக்கு வந்தபோதே அந்தக் கட்டில் காலியாகிவிட்டிருக்கிறது. ஒரு மெத்ரோ நிறுத்தம்கூடத் தூரமில்லை.

வாசலில் அண்ணி மறித்தார். “உடுப்பெல்லாத்தையும் உதிலை கழட்டு. உன்ரை கோழியளின்ரை சொந்தக்காரர் ஒருத்தரும் உள்ளை வரக்கூடாது.” துவாயை எறிந்தார். எல்லாவற்றையும் கொதிதண்ணீரில் இரண்டு தடவை போட்டார். சின்னவள் இப்போது எழும்பியிருக்கப் பழகிவிட்டாள். என்னைப் பார்த்து அழுதாள். என்னை அவளுக்குத் தெரியாது.

கட்டில் மெத்தென்றிருக்கிறது. அரிப்பு நின்றுவிட்டது. இரவில் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறதா என்று விழித்துக் கிடக்கிறேன். இந்தச் சுவரில் சத்தம் இல்லை. அதை இங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. மதர் வாசிப்பார், பரவாயில்லை.

இன்று செவ்வாய். என் நாள். இங்கே வந்த பிறகு இதுவரை காலையில்தான் போனேன், இன்று பின்னேரம் போனேன். கொண்டைப் பூக்கள் நாலும் சிவந்திருக்கின்றன. ஒரு முட்டை, வெதுவெதுப்பாக. வெளிச்சம் இறங்கியது. கோழிகள் வாசலில் நின்றன. முன்பு நின்றதுபோலத்தான். முதலாவது தலையை உள்ளே நீட்டிப் பார்த்தது. ஏறியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஏறின. கடைசி, கறுப்பு, திரும்பி என்னைப் பார்த்தது. வழக்கமாக நான் கொட்டிலுக்குள் போன பிறகுதான் அது போகும்.

“போ” என்றேன். “நான் வரேல்லை.”

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

கொட்டில் கதவை இழுத்துச் சாத்தினேன். கொண்டியைப் போட்டேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இருட்டுகிற நேரத்தில், வெளிப்பக்கத்திலிருந்து.

தம்பி,
ரொஷான்